நூற்றிருபது

பெருந்துறை ரோட்டில் மஞ்சள் கிடங்கு.
எடைமேடைக் கம்ப்யூட்டரில் இரவு ஒன்பதரைக்கு
மூன்றாம் முறையாக டிஸ்க் காணாமல் போனது.
போனது என்றால், மேசை மேல்தான் இருக்கிறது.
பச்சை விளக்கு எரிகிறது, தொட்டால் சூடு.
சிஸ்டம் மட்டும் சொல்கிறது:
அப்படி யாரும் இங்கே இல்லை.

நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"ஏனுங்க, காத்தால ஏலமுங்க."
மூன்று வருடத்து எடைச்சீட்டு,
எந்தக் காட்டு மஞ்சள், எத்தனை மூட்டை,
ஈரத்துக்கு எவ்வளவு கழிவு,
எல்லாம் அந்தக் கருப்புப் பெட்டிக்குள்.
"முடிஞ்சிருங்களா?"
முடியும் என்றேன்.
லாகைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

பிறகு திறந்தேன்.
கேட்டது ஆயிரத்து இருபத்து நான்கு கேபி.
பதில் இல்லை. முப்பது நொடி. ரீசெட்.
மறுபடி அதே ஆயிரத்து இருபத்து நான்கு. ரீசெட்.
பக்கம் பக்கமாக இதே இரண்டு வரி,
கடன்காரன் வாசலில் நிற்பதுபோல.

டிஸ்குக்கும் கேபிளுக்கும் நடுவே
நகத்தளவு ஒரு சில்லு.
செருகியதும் டிரைவர் அதைக் கேட்கும்:
ஒரு தடவைக்கு எவ்வளவு தாங்குவாய்?
எவ்வளவு வேண்டுமானாலும், என்றிருக்கிறது அது.
பொய் என்று சொல்ல மாட்டேன்.
எந்த ஊரிலோ யாரோ அந்தக் கட்டத்தில்
இருப்பதிலேயே பெரிய எண்ணை நிரப்பிவிட்டுச்
சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

பாதியாக்கினேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு, விழுந்தது.
இருநூற்றைம்பத்தாறு, டீ வருவதற்குள் விழுந்தது.
நூற்றிருபத்தெட்டு பத்தொன்பது நிமிடம் நின்று
நாச்சிமுத்து சிரிக்கத் தொடங்கிய இடத்தில் விழுந்தது.

வெளியே கடைசி லாரி.
விளக்கு வெளிச்சத்தில் தூசியே மஞ்சளாகப் பறக்க
ராயப்பனும் இன்னும் இருவரும் இறக்குகிறார்கள்.
உவமை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது:
முதுகு, மூட்டை, ஒரு நடைக்கு ஒன்று.
எடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.
அவருக்கு மூட்டைக்கு இத்தனை என்று கூலி.
என் வரிக்காகச் சுமந்தால் யார் கொடுப்பது?

இரட்டிப்புக் கணக்கை விட்டு இறங்கி
நூற்றிருபது என்று போட்டேன்.
இருநூற்று நாற்பது செக்டார்.
எந்த அடுக்கிலும் சேராத, அழகில்லாத எண்.
எட்டு கேபி குறைந்தால் ஏன் நிற்கிறது?
தெரியாது.
ஈரத்துக்குக் கழித்ததாக வைத்துக்கொண்டேன்.

ஓடியது.
பதினொன்றரைக்கும் ஓடியது, இரண்டுக்கும்.
"முந்தி மாதிரி வேகமில்லீங்களே."
"இல்லீங்க."
அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.
அவர் வாய் திறந்தபடி தூங்கிப்போனார்.

டிரைவருக்குள் விதிவிலக்குகளின் பட்டியல் ஒன்று உண்டு.
அதில் ஒரு வரி சேர்த்தேன்:
இந்தச் சில்லு சொல்வதை நம்ப வேண்டாம்,
நூற்றிருபதுக்கு மேல் கேட்க வேண்டாம்.
மேலே முந்நூறு, நானூறு வரி.
இது தூங்கினால் எழுப்பாதே.
இதனிடம் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்காதே.
இது கடைசி செக்டாரை ஒன்று கூட்டிச் சொல்லும்.
எந்தெந்த ராத்திரியிலோ உட்கார்ந்து
யார் யாரோ எழுதியவை.
வைத தடம் ஒன்றுகூட இல்லை.

நாலே முக்காலுக்கு முழுதும் வந்துவிட்டது.
கடைசிச் சீட்டு:
அந்தியூர், விரலி, முப்பத்தொரு மூட்டை.

பஸ் ஸ்டாண்டில் போன் அதிர்ந்தது. மேனேஜர்.
கரூர், காங்கேயம், பொள்ளாச்சி,
வெள்ளிக்கிழமை ஒரே நாளில்.
முடியுமா செல்வநாயகி?
முடி வரைக்கும் விரல் தானாகவே போட்டுவிட்டது.
அழித்தேன்.
காங்கேயம் மட்டும், என்று அனுப்பினேன்.

இரண்டு குறியும் நீலமானது.
பதில் இல்லை.
முப்பது வரை எண்ணினேன்.